கடல் கடந்து வரும் பணம்: கைக்கு எட்டுவது எவ்வளவு?

(காங்கேசன்துறைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் வாசகம்)



வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் அனுப்பும் பணத்தைப் பற்றி இன்று பேச விழைகிறோம். இது வீட்டுக் கணக்கன்றோ, இதற்கு மேடை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 1990ஆம் ஆண்டில் இவ்வூர்களை விட்டு வெளியேறியோர், காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட பின் திரும்பி வந்து எழுப்பிய வீடுகளைப் பாருங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இரவு பகல் பாராது உழைத்தோரின் ஊதியம் அந்தச் சுவர்களிற் கலந்திருக்கிறது. அவ்வூதியத்தில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்து போகுமானால், அது ஊர்க்காரியம், நாட்டுக்காரியமுமாகும்.

கடல் கடந்து பொருளீட்டி வீட்டுக்கு அனுப்புவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமை புரிந்தனர். இத்தொகுதியின் பிரதிநிதியாக நெடுங்காலம் விளங்கிய தந்தை செல்வாவே 1898இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர். மலாயாப் பணத்திலும் பென்சனிலும் இங்கே எத்தனையோ குடும்பங்கள் தழைத்தன. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. பணத்தை உழைப்பது ஒரு பாதி. அது வந்து சேரும் வழி மறுபாதி என்பதை அன்றே நம்மவர் கற்றனர்.

இன்று வழிகள் பலவுள. விலையும் பலவாறு உளது. இருநூறு டொலரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்ப, உலகச் சராசரியாக நூற்றுக்கு 6க்கு மேல் செலவாகின்றது என உலக வங்கி கணக்கிட்டு வருகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் இச்செலவு நூற்றுக்கு 3க்குக் கீழே இறங்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த இலக்கு. சராசரியாகப் பார்க்கையில் வங்கிகளே மிகுந்த செலவுள்ள வழி. கைத்தொலைபேசி, இணையம் வாயிலாக அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் மலிவானவை.

இச்செலவு இரண்டு இடங்களில் இருக்கின்றது. ஒன்று, வெளிப்படையாகக் கேட்கும் கட்டணம். மற்றது, நாணய மாற்று விலையில் ஒளிந்திருக்கும் கழிவு. ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இரண்டாவது இடத்திலேயே. கணக்குக்கு எளிதாகச் சந்தையில் ஒரு டொலர் 200 ரூபா எனக் கொள்வோம். முதல் நிறுவனம் கட்டணமே இல்லை என்று விளம்பரஞ் செய்து, டொலருக்கு 194 ரூபா தருகிறது. இரண்டாவது நிறுவனம் 5 டொலர் கட்டணம் பெற்று, 199 ரூபா தருகிறது. ஆயிரம் டொலர் அனுப்பினால் முதல் வழியில் 1,94,000 ரூபாவும் இரண்டாவது வழியில் 1,98,005 ரூபாவும் வந்து சேரும். கட்டணமில்லை என்றவனே 4,005 ரூபா கூடுதலாக எடுத்துக்கொண்டான்!

இதே கணக்கு சிறு தொகைக்கு மாறிவிடும். நூறு டொலருக்கு முதல் வழியில் 19,400 ரூபா. இரண்டாவது வழியில் 18,905 ரூபாதான். ஆகவே சிறுகச் சிறுக மூன்று முறை அனுப்புவதிலும், அவசரமில்லாதபோது முந்நூறு டொலராகச் சேர்த்து ஒரே முறை அனுப்புவது நன்று. இரண்டாவது வழியில் அதனால் மட்டும் 1,990 ரூபா மிஞ்சும். அனுப்புவோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றேயாம்: "இன்று நாம் இவ்வளவு தந்தால், ஊரில் அம்மாவின் கையில் எத்தனை ரூபா விழும்?"

இனி உண்டியலுக்கு வருவோம். பழைய நாளில் உண்டியல் என்பது நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கையெழுத்திட்டு வழங்கிய பத்திரம். அதைக் கொண்டு வழக்காடலாம். இன்றைய உண்டியலுக்குத் தொலைபேசி எண்ணே சாட்சி. அங்கே கொடுக்கும் டொலர் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த டொலரை வேண்டும் ஒருவரின் ரூபா இங்கே நமக்குத் தரப்படுகிறது. அந்த ஒருவர் யார்? இறக்குமதி விலையைக் குறைத்துக் காட்டும் வணிகராயிருக்கலாம். போதைப்பொருள் விற்பவராகவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது.

ஆயினும் உண்டியலை நாடிய மக்களைத் துரோகிகள் என்று ஏசுவதை நாம் ஏற்கமாட்டோம். 2021இல் அரசாங்கம் டொலரின் விலையைச் சுமார் 200 ரூபாவிற் கட்டி வைத்தது. வெளியில் 240 ரூபாவுக்கு மேல் கிடைத்தது. அவ்வாண்டு டிசெம்பரில் டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகை தருவதாக மத்திய வங்கி கூறியது. நாற்பது ரூபா பள்ளத்தைப் பத்து ரூபாவால் நிரப்ப முடியுமா? 2020இல் 710 கோடி டொலராக இருந்த உத்தியோகபூர்வ வரவு, 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. 2022 மார்ச்சில் கட்டு தளர்த்தப்பட்டது. அதற்குள் நாடு வெறுங்கையோடு நின்றது. தோட்டத்துக்கு நீரிறைக்க மண்ணெண்ணெய் இன்றிக் கமக்காரர் வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விலை நேர்மையானபின் மக்கள் தாமாகவே வங்கிக்குத் திரும்பினர்: 2023இல் 597 கோடி, 2024இல் 657 கோடி. தேசபக்திப் போதனையால் வராத டொலர், நியாய விலையால் வந்தது!

விலைப் பள்ளம் அன்றுபோல் இல்லாத இக்காலத்தில் உண்டியலின் இலாபம் சிறிது, ஆபத்தோ பெரிது. சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் அதை எடுத்துரைப்பது நம் கடன். கனடாவிலுள்ள அண்ணனின் பணத்தில், ஊரிலுள்ள தம்பியின் பெயருக்குக் காணி உறுதி முடிக்கப்படுகிறது என வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பிணக்கு எழுகிறது. ஒருவர் பணங்கொடுக்க மற்றொருவர் பெயரில் ஆதனம் எழுதப்பட்டு, அதை அவருக்கே அளிக்கும் எண்ணம் பணங்கொடுத்தவருக்கு இல்லையாயின், பெயருக்குரியவர் அதைப் பணங்கொடுத்தவரின் நன்மைக்காகவே வைத்திருக்க வேண்டும் என்று 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கூறுகிறது. நல்ல சட்டம். ஆனால் பணங்கொடுத்ததை எதைக்கொண்டு எண்பிப்பது? வங்கிச் சீட்டு நீதிமன்றத்திற் பேசும். உண்டியல் ஊமை.

மேலும், 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான காசுக் கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முன்பின் அறியாத ஒருவர் உங்கள் கணக்கில் இட்ட பணம் குற்றத்தின் பயனென்று ஐயுறப்பட்டால், முடக்கப்படுவது உங்கள் கணக்கு, அலையவேண்டியவர் நீங்கள்.

இங்கிருந்து வெளியே அனுப்பவும் சிலருக்குத் தேவையுண்டு. பிறநாட்டிற் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். 1953ஆம் ஆண்டின் நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டம் தந்த பழைய அச்சத்தால் பலர் இன்றும் தரகரைத் தேடுகின்றனர். அச்சட்டம் நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 20 முதல் நடைமுறையில் உள்ளது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தையும் கட்டண விபரத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் வங்கிக்குச் செல்லுங்கள். ஒரு வங்கியின் விலை பிடிக்காவிட்டால் மற்றொன்றிற் கேளுங்கள். சந்தையில் வெங்காயத்துக்குப் பேரம் பேசும் நாம், வங்கியில் ஏன் வாய்மூடி நிற்கவேண்டும்?

அரசாங்கத்திடமும் வங்கிகளிடமும் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, நாணய விலையைப் பொய்யாகக் கட்டி வைக்கும் செயல் மீண்டும் நிகழலாகாது. இரண்டாவது, கட்டணம் எவ்வளவு, மாற்று விலை என்ன, கைக்கு எட்டும் தொகை எவ்வளவு என்பன முன்கூட்டியே தமிழில் எழுதித் தரப்படவேண்டும். அமெரிக்காவிலிருந்து அனுப்புவோருக்கு இவ்விபரங்களை முன்னரே தெரிவிக்க வேண்டுமென 2013 முதல் அங்கே விதியுண்டு. மூன்றாவது, நாடுகளுக்கிடையே நேரடி இணைப்பு வேண்டும். இந்தியாவின் யுபிஐ முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் 2023 பெப்ரவரியில் இணைக்கப்பட்டுவிட்டன. நம்மவர் வாழும் நாடுகளோடு இலங்கைக்கும் அத்தகைய பாலங்கள் அமையவேண்டும்.

அன்பர்களே! பனியில் நின்று உழைத்தவனின் ஒவ்வொரு டொலருக்கும் கணக்குக் கேட்பது அற்பச் செயலன்று. அது அவனுடைய உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை. இன்றிரவு வெளிநாட்டு அழைப்பு வரும்போது, சுகம் விசாரித்த பின், எந்த வழியால் அனுப்புகிறாய், என்ன விலை தருகிறார்கள் என்று கேளுங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழியிற் கரையும் ரூபா வீடு வந்து சேரட்டும்!