சில்லின்மேல் ஒரு குடில்



வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போவோர் பலர். வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவோர் நம் நாட்டில் மிகச் சிலர். அச்சிலருள் நானும் என் இல்லாளும் எங்கள் நாயும் அடங்குவோம். சென்ற பெப்ரவரி மாதத்தில் 11 நாட்கள் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையோரமாக நாங்கள் சென்றுவந்த வரலாற்றைக் கூறவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மோட்டார்க் காரின் பின்னே கொளுவி இழுக்கப்படும் இரு சில்லு வண்டி அது. நீளம் 10 அடி. அகலம் 6 அடி. உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தை, ஓர் எரிவாயு அடுப்பு, 60 லீற்றர் கொள்ளும் நீர்த்தாங்கி, ஒரு விளக்கு. வெளியே ஒரு பக்கத்தில் விரித்துக் கட்டுவதற்குக் கித்தான் பந்தல் ஒன்று. மேல்நாட்டார் இதனைக் கரவன் என்பர். நாங்கள் போன ஊர்களிலே சிறுவர் இதற்கு உடனே இட்ட பெயர் பெட்டி என்பதாகும். உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடுவதும் பெட்டிதானே! அப்பெயரையே நானும் கொள்கிறேன்.

நாயோடு இவ்வகைப் பயணம் செய்வது புதிய வழக்கம் அன்று. பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராயிருந்து ஓய்வுபெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885ஆம் ஆண்டில் 'வாண்டரர்' என்னும் பெயருடைய வண்டியொன்றைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை சென்றார். அவருடன் ஹரிகேன் பொப் என்னும் பெரிய நியூபவுண்ட்லாந்து நாயும் சென்றது. இன்பப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கரவன் அதுவே என்பர். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் சார்லி என்ற நாயோடு தம் நாட்டைச் சுற்றிவந்து, 1962இல் அதைப் பற்றி நூல் எழுதினார். அந்நூலில் அவருடைய மனைவியாரோ அரிதாகவே வருகிறார். ஆகவே, கணவன், மனைவி, நாய் ஆகிய மூவரும் 10 அடிப் பெட்டிக்குள் சண்டையின்றி வாழ்வது எவ்வாறு என்பதற்கு அந்நூல் எமக்கு உதவவில்லை.

உதவியது எங்கள் நாட்டு மாட்டுவண்டி. தலவில என்னும் ஊரிலே கடலை அடுத்துப் புனித அன்னாள் தேவாலயம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மார்ச்சு மாதத்திலும் ஆகத்து மாதத்திலும் அங்கே பெருவிழா நடைபெறும். முற்காலத்தில் யாத்திரிகர் கூண்டு வண்டிகளில் அரிசி, சட்டி பானை, பாய் யாவும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போவார்களாம். வண்டியின் அச்சின் கீழே, நிழல் விழுமிடத்தில், வீட்டு நாய் ஓடிவருமாம். மரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டால் அதுவே வீடு. இதை எனக்குச் சொன்னவர் சிலாபத்து முதியவர் ஒருவர். எங்கள் பெட்டியைப் பார்த்தவுடன், "மாடு எங்கே?" என்றுதான் அவர் கேட்டார்.

எங்கள் நாய் சாதாரண ஊர்நாய். பெயர் வீமன், வயது பதினொன்று. வண்டி ஓடும்போது அவனைப் பெட்டிக்குள் விடுவதில்லை. காரின் பின்னிருக்கையிலேயே வைத்திருப்போம். நிறுத்திய பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். ஆதலால் அதனுள் நாயை அடைத்துவிட்டு இறங்கிப்போவது கொலைக்குச் சமானம். புறப்படுமுன் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியைப் போட்டுப் பத்திரத்தையும் கையோடு எடுத்துச்சென்றோம். இரவுதோறும் அவன் காதுகளில் உண்ணி பார்ப்பது என் வேலை. நாயை வைத்திருப்பவனுக்குச் சில கதவுகள் திறவா. முன்னேசுவரத்தில் நான் உள்ளே சென்று தொழுதபோது இல்லாள் வெளியே நின்றாள். பின்னர் அவள் செல்ல, நான் நின்றேன். வில்பத்து வனம் 1938ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. அதனுள் நாயைக் கொண்டுசெல்லச் சட்டம் இடந்தராது. நாயின் நோய் சிறுத்தைக்குத் தொற்றக்கூடும் என்பதை எண்ணினால் அச்சட்டத்தின்மேல் குறைகூற இடமில்லை. நாங்கள் வடக்கே அவ்வளவு தூரம் போகவில்லை.

சிலாபத்திலிருந்து வடக்கே செல்லச் செல்லத் தென்னந்தோப்புகள் குறைந்து, உப்புக் காற்று மிகும். ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் ஒருபுறம் எம்மோடு கூடவே வரும். உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக அமைந்தது. திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பால் பேர்பெற்றது. அங்கேதான் எங்களுக்கு முதற் சோதனை வந்தது.

மாலை மயங்கும் வேளை. கடலைப் பார்த்தபடி உறங்க வேண்டும் என்ற ஆசையால் தார் வீதியை விட்டு மணலில் இறங்கினேன். "இஞ்சாருங்கோ, வேண்டாம்" என்றாள் இல்லாள். நான் கேட்கவில்லை. இருபது முழம் போவதற்குள் பெட்டியின் சில்லிரண்டும் அச்சுவரை புதைந்தன. இயந்திரத்தை முறுக்க முறுக்கக் காரும் இறங்கியது. பெட்டியில் பாரம் ஏற்றும்போது கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னே வைக்க வேண்டும். பின்புறம் பாரம் மிகுந்தால் ஓட்டத்தில் பெட்டி வாலாட்டும். இது எனக்குத் தெரியும். மணலில் இறங்குமுன் சில்லுகளின் காற்றைக் குறைக்க வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை, அவசரம்!

கரைவலை இழுத்து முடித்த ஆட்கள் அவ்வழியே வந்தார்கள். அவர்களின் சம்மாட்டியார் பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். காற்றை இறக்கச் சொன்னார். கிடுகுகளைக் கொண்டுவந்து சில்லுகளின் கீழே செருகச் செய்தார். பின்பு வலைக்கயிற்றைப் பெட்டியின் பின்சட்டத்தில் பிணைத்து, ஏறக்குறைய இருபது பேர் வரிசையாக நின்று, ஒருவர் அம்பா பாட, மற்றையோர் எதிர்பாட, வலையை இழுப்பது போலவே எங்கள் குடிலையும் இழுத்துக் கரைசேர்த்தார்கள். வீமன் அவர்களோடு சேர்ந்து குரைத்தான். நான் பணப்பையை எடுத்ததும் சம்மாட்டியார் கையமர்த்தினார். இல்லாள் அறிவுடையவள், எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட்டாள். எங்களிடம் இருந்த கோப்பைகள் இரண்டே. அத்தனை பேரும் முறைவைத்துக் குடித்து முடிய இரவாயிற்று. தாங்கியில் இருந்த நீரும் தீர்ந்தது.

பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. உப்பளங்கள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி, காற்றாலைகள், வழியை மறித்து நிற்கும் கழுதைகள் என்று காட்சிகள் பல. கற்பிட்டியிலே 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை உண்டு. 'தமிழ் புளூராக்' எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊரும் அதுவே. கோட்டையைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். நான் ஒரு கிணற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

அக்குடாநாட்டில் பெட்டிக்காரனுக்குப் பெருங்கவலை தண்ணீர். நிலம் மணல், சிறிது தோண்டினால் நீர் ஊறும். ஆயினும் எக்கிணறு நன்னீர், எது உவர்நீர் என்பது ஊராருக்கே தெரியும். தோட்டங்களுக்கு இடும் உரம் மணலூடாக இறங்குவதால், இனிக்கும் நீரெல்லாம் குடிக்கத்தக்கது என்றும் சொல்வதற்கில்லை. வெங்காயத் தோட்டம் ஒன்றின் படலையில் நின்று தண்ணீர் கேட்டோம். எழுபது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். நாயைக் கண்டதும் அவர் தயங்கினார். நாங்கள் அதைப் புரிந்துகொண்டு விலக முற்பட்டோம். "நில்லுங்க தம்பி" என்றார் அவர். "அவனை அந்தப் புளியடியில கட்டுங்க. கிணத்துக்கிட்ட வேணாம்." எங்களுக்குக் குடிநீர் தந்த பின், ஒரு பெரிய சிரட்டையில் நீர் நிரப்பிப் புளியடியில் தாமே வைத்தார். தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் கொடுத்தவனின் பாவம் பொறுக்கப்பட்டது என்னும் நபிமொழியை எங்களுக்குச் சொன்னார். அன்றிரவு அவருடைய வேலியோரத்திலேயே பெட்டியை நிறுத்தினோம்.

காலையில் பெட்டிக்குள் பார்க்கலாமா என்று கேட்டார். வாயிலில் நின்று எட்டிப் பார்த்தார். "ஊர்ல வீடு இருக்கா தம்பி?" "இருக்கிறது நானா." "வீட்டை வச்சிட்டு இதுக்குள்ள ஏன் கிடக்கிறீங்க?" என்று கேட்டார். ஏளனமாக அன்று, அறியும் விருப்பத்தோடு. நான் ஏதோ சொன்னேன். அவர் இரு கைகளையும் விரித்துப் பெட்டியின் நீளத்தைப் பாகத்தால் அளந்தார்.

"எங்கட கொட்டிலும் இவ்வளவுதான். ஒம்பது பேர்."

அவர் மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வந்துசேர்ந்தது இப்புத்தளம் மாவட்டத்திற்கே. மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். மாரி மழை தொடங்கிய காலம் அது. "நாலு மாசத்தில போயிருவோம் எண்டு நினைச்சம்" என்றார் பெரியவர். "பதினேழு வருசம் கிடுகுக்குள்ள." இன்று அவருக்குக் கல்வீடு உண்டு. மன்னாரிலும் பழைய வளவு உண்டாம். பிள்ளைகள் இங்கே வேரூன்றிவிட்டதால் அவரும் இங்கேயே இருக்கிறார்.

தமிழன் என்ற முறையில் எனக்கு அப்போது சொல்லத்தக்க வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. முதல் நாள் இரவு, கால் நீட்ட இடம் போதவில்லை என்று நானும் இல்லாளும் வாதிட்டிருந்தோம். அவள்தான் பேசினாள். "அந்த வீட்டில் நாய் இருந்ததா, நானா?" என்று கேட்டாள். அது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. பெரியவர் சிரித்தார். வீட்டில் நாய் இல்லையாம். அடுத்த வளவு கிறித்தவர் வளர்த்த நாய் ஒன்று படகடி வரையும் பின்னால் வந்து, நீரில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நீந்தியதாம். அதைச் சொல்லிவிட்டு அவர் வெங்காயப் பாத்திக்கு நீர் இறைக்கப் போய்விட்டார்.

புறப்படும்போது ஒரு பூசணிக்காயும் இரண்டு பிடி வெங்காயமும் தந்தார். சிரட்டையை இல்லாள் கழுவிக் கொடுத்தாள். அவர் அதைப் புளியங்கொப்பில் கவிழ்த்து மாட்டினார். "இது அவன்ட. சோளகம் எழும்புறதுக்கு முந்தி வாங்க, பிறகு மண் பறக்கும்" என்றார். சோளகக் காற்று மே மாதமளவில் வலுக்கும். இவ்வாண்டு எங்களால் மீண்டும் போக இயலவில்லை. வரும் பெப்ரவரியில், வீமனுக்கு நடக்க முடியுமானால், போவதாக இருக்கிறோம்.