ஒருவர் லென்ஸ், மற்றொருவர் காமிரா



ஒரு கம்பெனியின் காமிராவில் வேறொரு கம்பெனியின் லென்ஸைப் பொருத்தலாமா என்று படம் பிடிக்கும் ஆர்வமுள்ள இளைஞர் பலர் என்னைக் கேட்டதுண்டு. வீட்டில் நல்ல பழைய லென்ஸ் இருக்கும். புதியது வாங்கக் கையில் பணம் இராது. ஆதலின் இது வீண் கேள்வி அன்று. இதற்கு விடை ஒரு கழித்தல் கணக்கில் அடங்கியிருக்கிறது.

காமிராவில் லென்ஸ் அமரும் வாய்க்கும், உள்ளே பிம்பம் விழும் தளத்துக்கும் இடையே குறித்த தூரம் ஒன்று உண்டு. அத்தளம் முன்பு பிலிம். இன்று பெரும்பாலும் ஒளியுணரும் மின்தகடு. லென்ஸ் அத்தூரத்தில் நின்றால்தான் தொலைவிலுள்ள மலையும் தெளிவாகப் படியும்.

ஜெர்மனியில் 1930-இல் லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க லைக்கா காமிரா வெளிவந்தது. ஆயினும் ஒவ்வொரு லென்ஸும் அதனதன் காமிராவுக்கென்றே சரிசெய்யப்பட்டது. ஒரு லைக்காவின் லென்ஸ் மற்றொரு லைக்காவுக்குப் பொருந்தாது! 1931-இல் அத்தூரம் 28.8 மில்லிமீட்டர் என வரையறுக்கப்பட்ட பின்னரே அக்குறை நீங்கியது. பின்னர் ஜப்பானியரும் அதே திருகமைப்பில் லென்ஸ்கள் செய்தனர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1959-இல் வந்த நிக்கான் எஃப் அமைப்பில் இத்தூரம் 46.5 மில்லிமீட்டர், 1987-இல் வந்த கானன் இ.எஃப். அமைப்பில் 44. ஆகவே நிக்கான் லென்ஸுக்கும் கானன் காமிராவுக்கும் இடையே 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தை வைத்தால் போதும். மறுதலையாகக் கானன் லென்ஸை நிக்கானில் வைக்க எண்ணினால், லென்ஸ் காமிராவுக்குள் 2.5 மில்லிமீட்டர் புகவேண்டும், அதற்கு இடமேது? வெறும் வளையத்தால் பொருத்தினால் அருகிலுள்ள பூ தெளியும்; தொலைவிலுள்ள கோபுரம் தெளியாது.

காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஆடி புதுவகைக் காமிராக்களில் இல்லை. அதனால் தூரம் மிகவும் குறைந்துவிட்டது. சோனி இ அமைப்பில் அது 18 மில்லிமீட்டரே. எனவே 28.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றால் பழைய நிக்கான் லென்ஸ் அதில் அமர்ந்துவிடும்.

ஆனால் தூரம் பொருந்தினால் எல்லாம் பொருந்திவிடாது. வெறும் வளையம் மின்செய்தியைக் கடத்தாது; தெளிவைக் கையால்தான் திருத்தவேண்டும். பழைய லென்ஸில் துவாரத்தைக் கையால் சுருக்க வளையம் உண்டு. மின்சாரத்தால் இயங்கும் புதிய லென்ஸிலோ துவாரமும் அசையாது. சிறிய தகட்டுக்கெனச் செய்த லென்ஸைப் பெரிய தகட்டுக் காமிராவில் வைத்தால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும்.

இத்தொல்லையை உணர்ந்து 2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும், 2018-இல் லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகிய மூன்றும் பொது அமைப்பை மேற்கொள்ள இசைந்தன. போட்டியிடுவோரும் அளவில் ஒன்றுபட்டால் வாங்குவோருக்கு நன்மை விளைகிறது.

ஆகவே, நண்பர்களே, பழைய லென்ஸைப் பயனற்றதென்று ஒதுக்காதீர்கள். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி வளையம் வாங்கவும் வேண்டாம். லென்ஸுக்குரிய தூரத்திலிருந்து காமிராவின் தூரத்தைக் கழித்துப் பாருங்கள். மீதி இருந்தால் வளையத்துக்கு இடமுண்டு. பிறகு துவாரத்தையும் தகட்டின் அளவையும் விசாரியுங்கள். பணத்தை எடுப்பது அதற்கப்பால் ஆகட்டும்.