பன்னீர்க்குடம் உடைந்த வேளை

வன்னிப் பெருநிலத்தில், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுவழியில் அமைந்த பழைய ஊர் ஒட்டுசுட்டான். குரக்கன் அறுத்தபின் எஞ்சிய ஒட்டைச் சுட்ட இடத்தில் தான்தோன்றீசுவரர் வெளிப்பட்டமையால் இப்பெயர் வந்தது என்று ஊரார் கூறுவர். அண்மையில் முத்தையன்கட்டுக் குளம். சூழ வயலும் காடும். இங்குள்ள உழவர் காலத்தைக் கணிப்பதில் வல்லவர். ஒட்டைச் சுடும் நாளும் விதைக்கும் நாளும் தவறினால் அவ்வாண்டு விளைவே தவறும் என்பதை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வயலில் வேண்டப்படும் இக்காலக் கணிப்பு, வீட்டில் ஒரு பெண்ணின் பன்னீர்க்குடம் உடையும் வேளையிலும் வேண்டப்படுகின்றது. அவ்வேளையில் வைத்தியசாலைக்கு எப்போது புறப்படுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஊரின் ஒதுக்குப்புறத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மாரிகால இரவு, நிறைமாதப் பெண் உறக்கத்திலிருந்து எழுகின்றாள், பாய் நனைந்திருக்கின்றது. நோ எதுவுமில்லை. தாயார், "குத்து வரட்டும் பிள்ளை, விடியப் போகலாம்" என்கின்றார். அவர் சொல்வது அன்பினால். தம் காலத்து அனுபவத்தினால். ஆனால் அவ்வூரின் மருத்துவமாது முன்னரே சொல்லிவைத்த சொல் வேறு: "குத்து வருமோ எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ அம்மா, தண்ணி போன நேரத்தைக் குறிச்சு வைச்சுக்கொண்டு வெளிக்கிடுங்கோ." இவ்விரு சொற்களுள் எதனைக் கேட்பது?

கருப்பையினுள் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வுப் பையே பன்னீர்க்குடம். அதனுள் நிறைந்த நீர் குழந்தையை அதிர்ச்சியினின்றும் காக்கின்றது. பை, வெளியிலுள்ள நுண்கிருமிகள் உள்ளே புகாவண்ணம் வேலியாக நிற்கின்றது. பேற்று நோவின் நடுவிலேயே இது பெரும்பாலும் உடையும். நிறைமாதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பெண்களுக்கு நோ தொடங்குமுன்பே உடைந்துவிடுகின்றது. அவர்களுள் 10 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு 24 மணி நேரத்துள் நோ தானாகவே தொடங்கும். ஆதலின் தாயார் கூறியது முற்றிலும் பொய்யன்று. எனினும் வேலி திறந்த நேரம் முதல் கிருமி நுழைவதற்கு வழியும் திறந்திருக்கின்றது. மணி ஏற ஏற, தாயின் கருப்பைக்கும் குழந்தைக்கும் தொற்று ஏற்படும் வாய்ப்பும் ஏறுகின்றது.

1996ஆம் ஆண்டில் 6 நாடுகளைச் சேர்ந்த 5,041 பெண்களிடம் நடத்திய பேராய்வு ஒன்று வெளியாயிற்று. உடனே மருந்து கொடுத்து நோவைத் தூண்டிய போதும், நோ தானாக வரும்வரை காத்திருந்த போதும், குழந்தைகளுக்கு ஏற்பட்ட தொற்றில் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் நரம்பு வழியே மருந்தேற்றி உடன் தூண்டப்பட்ட தாய்மாருக்குத் தொற்றுக் குறைவாயிருந்தது. இங்கு கருத வேண்டியது ஒன்றுண்டு. காத்திருந்த அப்பெண்களும் மருத்துவரால் பார்க்கப்பட்ட பின்னரே காத்திருந்தனர். காத்திருத்தல் தன்னளவிற் பிழையன்று. எவரும் பாராமற் காத்திருத்தலே பிழை. தூண்டுவதா, பொறுத்திருப்பதா என்னும் முடிவு வைத்தியசாலையில் எடுக்கப்பட வேண்டியது. வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு புறப்படுவது ஒன்றே.

சிலருக்கு நீர் குடம் கவிழ்ந்தாற்போலப் பாயும். சிலருக்குத் துளித்துளியாய்க் கசியும். கசிவைச் சிறுநீர் என எண்ணி நாட்கழிப்பவரும் உளர். சிறுநீரை அடக்கலாம், இந்நீரை அடக்க இயலாது, எழுந்து நிற்கையில் மேலும் வரும். தூய வெண்துணியொன்றை வைத்து நிறத்தையும் மணத்தையும் நோக்குக. தெளிந்த நீராகவோ வைக்கோல் ஊறிய நீர்போல் இளமஞ்சளாகவோ இருப்பது இயல்பு. ஐயம் நீங்காவிடின் மருத்துவரே தீர்க்கட்டும்.

ஒரு நிமிடமும் தாழ்க்கலாகாத நிலைகள் சில. நீர் பச்சையாகவோ கபிலமாகவோ இருந்தால், குழந்தை உள்ளே மலங்கழித்துள்ளது எனக் கொள்ள வேண்டும். செங்குருதி வருதல், துர்நாற்றம், காய்ச்சல், குழந்தையின் துடிப்புக் குறைதல் என்பனவும் அத்தகையனவே. 37 கிழமை நிறையுமுன் குடம் உடைந்தால், நோ இருப்பினும் இல்லாவிடினும் உடனே செல்ல வேண்டும். குறைமாதக் குழந்தையின் நுரையீரலை முதிர்விக்கும் ஊசியைத் தாய்க்கு இடும் முறை, நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்சு, ஹவி என்னும் மருத்துவரின் ஆய்வால் 1972இல் வெளிவந்தது. அவ்வூசி பயன்தருவதற்கும் சில மணி நேரம் வேண்டும். இரட்டைப் பிள்ளைகள், குழந்தை குறுக்காகவோ கால்மாறியோ கிடத்தல், முன்னர் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்திருத்தல் ஆகிய நிலைகளிலும் பொறுத்திருத்தல் ஆகாது.

யாவற்றினும் கொடிது கொப்பூழ்க்கொடி முன்னே வந்து வீழ்தல். இஃது அரிதாகவே நிகழும். நிகழின் குழந்தையின் உயிர் நிமிடக் கணக்கிற்கு உட்பட்டது. அதனை உள்ளே தள்ள முயலலாகாது. தாய் முழங்காலூன்றி, மார்பைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தியிருக்க வேண்டும். வாகனத்தில் இடப்பக்கமாய்ச் சாய்ந்து, இடுப்பின்கீழ்த் தலையணை வைத்துக் கிடக்கலாம்.

குடம் உடைந்தபின் செய்யத்தகாதன மூன்று. குளத்திலோ தொட்டியிலோ அமிழ்ந்து குளித்தல் ஒன்று. நோவை வருவிக்க ஆமணக்கெண்ணெய் முதலியன அருந்துதல் மற்றொன்று. எவரேனும் கைவிட்டுப் பார்த்தல் மூன்றாவது. கழுவாத கையே பிள்ளைபெற்ற பெண்களுக்குக் கொடிய காய்ச்சலைக் கொண்டுவந்தது என்பதை வியன்னா நகரில் 1847இல் செம்மல்வைசு என்னும் மருத்துவர் கண்டுணர்த்தினார். கழுவிய கையேயாயினும், தேவையின்றி மீண்டும் மீண்டும் பார்ப்பது தொற்றை மிகுவிக்கும் என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிபு.

ஒட்டுசுட்டான் போன்ற ஊருக்குத் தொலைவும் ஒரு நோயே. மாங்குளம் ஆதார வைத்தியசாலை ஒருபுறம்; முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை மறுபுறம்; இரண்டிற்கும் காட்டுவழி கடந்தே செல்ல வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் உட்பாதைகள் நீரில் மூழ்கும். இரவில் யானை நடமாடும். ஆதலின் எட்டாம் மாதத்திலேயே சிலவற்றை முடிவு செய்தல் நலம்: எந்த வைத்தியசாலை, யாருடைய வாகனம், வீட்டிலுள்ள சிறுவரை யார் பார்ப்பது. கிளினிக் அட்டையும் மாற்றுடையும் ஒரு பையில் ஆயத்தமாய் இருக்கட்டும். 2016இல் தென்னிலங்கையில் தொடங்கி 2018இல் வடமாகாணத்திற்கும் வந்த இலவச நோயாளர் ஊர்தியை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

1930களில் இலங்கையில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 50க்கும் குறைவு. ஊர்தோறும் நடந்த மருத்துவமாதரும், கிருமிகொல்லி மருந்தும், குருதியேற்றமும், வைத்தியசாலைப் பிள்ளைப்பேறும் சேர்ந்து ஈட்டிய பயன் அது. 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், வன்னியின் வைத்தியசாலைகள் எறிகணைகளுக்கிடையே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இயங்கியபோது, இவ்வூர்ப் பெண்களுக்கு எங்கே போவது என்னும் தெரிவே இருக்கவில்லை. இன்று வழி உண்டு, வாகனம் உண்டு, விழித்திருக்கும் மருத்துவரும் மருத்துவமாதும் உண்டு.

நாம் கண்ட வீட்டில், தாயார் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கின்றார். 2 மணி 10 நிமிடம். அதனைக் கிளினிக் அட்டையின் ஓரத்தில் மருமகன் எழுதுகின்றான். விடியலுக்குக் காத்திராமல் விளக்கேற்றிப் புறப்படுகின்றனர். நோ வழியில் வரலாம், வைத்தியசாலையிலும் வரலாம். அது வரும்போது அருகில் அறிந்தவர் இருப்பர்.