பெயர் எழுதாத குழந்தை

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசிக்கப்படும்போது, வரிசையாக வரும் அந்தப் பெயர்களில் நம்மில் சிலர் கண்ணயர்ந்துவிடுவதுண்டு. பிரான்சின் மேற்கிலுள்ள பிரிட்டனிக் கிராமங்களில் தம் முன்னோரைத் தேடுகிறவர்களோ, ஒரே ஒரு பெயருக்காக நாள்கணக்கில் ஏடுகளைப் புரட்டுகிறார்கள்.

அவை பழைய பங்குப் பதிவேடுகள். திருமுழுக்குகளைப் பதிந்துவைக்கும்படி நாந்த் மறைமாவட்ட ஆயர் 1406-ஆம் ஆண்டிலேயே பணித்தார். 1539-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா அதை நாட்டுச் சட்டமாக்கினார். 1792-இல் புரட்சி அரசு அந்தப் பொறுப்பைக் குருக்களிடமிருந்து எடுத்து ஊராட்சிகளிடம் கொடுத்தது. ஏடுகளும் கூடவே போயின.

நிலமில்லாத கூலிக்காரருக்குப் பத்திரம் ஏது, உயில் ஏது? இந்த ஏட்டில்தான் அவர் இருக்கிறார். பெயர், தாய் தந்தை, ஞானப்பெற்றோர். கடைசியில், கையெழுத்திடத் தெரியாது என்று சொன்னதாக ஒரு குறிப்பு. (எழுதிய குருவின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், அது வேறு விஷயம்.)

இன்னொரு வகைப் பதிவும் உண்டு. பிறந்ததும் உயிருக்குப் போராடும் குழந்தைக்கு, மருத்துவச்சியே வீட்டில் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்துவிடுவார். பல வேளைகளில் அதற்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். மறுநாள் அடக்கம். பின்னால் பிறந்த பிள்ளைகளின் வழிவந்தவர்கள் அப்படியொரு குழந்தை இருந்ததையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வீடு மறந்துபோன அந்தப் பிள்ளைக்கும் குரு மையைத் தொட்டு இரண்டு வரி எழுதியிருக்கிறார்.

தேடி வந்தவர் தம் வம்சாவளிப் பட்டியலில் இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார். பெயருக்கான இடத்தை அப்படியே விட்டுவைக்கிறார்.