நெடுங்கல் நின்ற மன்றம்

(கலைஞர் கருணாநிதி நகரில் ஆற்றிய உரை)



கலைஞர் கருணாநிதி நகர் என்னும் பெயரைக் 'கே.கே. நகர்' என ஈரெழுத்தாய்க் குறுக்கிவிட்டோம். குறுகியது பெயர் மட்டுமன்று, நடப்பவர்க்குரிய இடமுந்தான்.

சிலப்பதிகாரம் புகார் நகரின் ஐவகை மன்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று நெடுங்கல் நின்ற மன்றம்; மற்றொன்று பாவை மன்றம். துன்புற்றோர் அந்நெடுங்கல்லைச் சுற்றிவந்து துயர் நீங்கினர். அரசன் முறை தவறின் அப்பாவை வாய்பேசாது கண்ணீர் சொரியும். இவற்றைக் கதையென்றே கொள்க. எனினும் உள்ளே ஒரு நகரமைப்பு நெறி உண்டு. கல்லைச் சுற்றிவரக் காலுக்கு இடம் வேண்டும். கண்ணீரைக் காண நிற்பதற்கு இடம் வேண்டும்.

நம் அண்டையிலுள்ள அசோகர் தூணை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் ஊர்திகள் அதனைச் சுற்றுகின்றன. அதனருகே அச்சமின்றி நின்று நிமிர்ந்து நோக்கியவர் நம்முள் எத்தனை பேர்?

1968 சனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, கடற்கரைச் சாலையில் கண்ணகி சிலை நிறுவப்பெற்றது. 2001 திசம்பரில் சரக்குந்து ஒன்று அதன் அடிமேடையில் மோதியது. உடனே சிலை அகற்றப்பட்டது. போக்குவரத்திற்கு இடையூறு என்றனர். மோதியது சரக்குந்து, குற்றம் சாற்றப்பட்டதோ சிலை! தமிழர் விடாது குரலெழுப்பினர். 2006 சூனில் கண்ணகி மீண்டும் அவ்விடத்தே நின்றாள். அவ்வாண்டே அக்கடற்கரைச் சாலையில் நிறுவப்பெற்ற சிவாசி கணேசனார் சிலையோ, போக்குவரத்தைக் கருதிய உயர்வழக்குமன்றத் தீர்ப்பால், 2017 ஆகத்தில் அடையாற்று நினைவு மண்டபத்திற்குப் பெயர்ந்தது.

ஊர்திகள் வேண்டா என்று நாம் கூறவில்லை. நோயாளியைச் சுமந்து வரும் வண்டிக்கு வழி வேண்டும். பேருந்துக்கும் வழி வேண்டும். ஆனால் ஊர்தியின் விரைவு ஒன்றையே அளவுகோலாக்கினால், சிலையும் இடையூறு, மரமும் இடையூறு, மாந்தனும் இடையூறு! நடப்பவனை அளவுகோலாக்குங்கள், சிலை இடையூறாகாது, இளைப்பாறும் இடமாகும்.

இஃது இயலாக் கனவன்று. 'பாண்டி பசார்' என்று வழங்கும் சவுந்தரபாண்டியனார் அங்காடியில், 2019 நவம்பரில் அகன்ற நடைவழி திறக்கப்பெற்றது. ஊர்திகள் நெருங்கி நின்ற இடத்தில் முதியோர் அமர்ந்தனர், குழந்தைகள் ஓடினர். கடையும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது, பங்கீடுதான் மாறியது.

ஆகவே நாம் கேட்பன மூன்று. நடைவழித் திட்டம் வரையுமுன் அங்குள்ள சிலைகளையும் தூண்களையும் வரைபடத்தில் குறித்திடுக. அவற்றைப் பெயர்க்காமல், நடைவழியை அவற்றின் அடிவரை நீட்டுக. யார், எவர் செதுக்கியது, எந்த ஆண்டு என்பதை நல்ல தமிழில் பொறித்திடுக.

சிலை நிறுவுதல் ஒருநாள் விழா. அதனருகே தமிழன் நடந்து செல்ல வழி அமைத்தலே என்றும் நிற்கும் சிறப்பு. அவ்வழியைக் கேட்டுப் பெறுவோம்!