பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்



சமூகப்பணியில் முதுகலைப் படிப்பை முடித்தவர்களில் சிலர் பிரிட்டனுக்கு வேலைக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. லண்டனில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். அங்கே நீங்கள் போகும் முன் ஒரு சிறுமியைப் பற்றித் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள், பேசியது பிரெஞ்சு. நன்றாகப் படிக்க வைக்கிறேன் என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி அழைத்து வந்தாள். 2000 பிப்ரவரி 25 அன்று லண்டனில் இறந்தபோது அவளுக்கு வயது 8. உடம்பில் 128 காயங்கள். மருத்துவமனை, காவல்துறை, சமூகப்பணி அலுவலகம் எல்லாவற்றுக்கும் அவளை முன்பே தெரியும். அந்த உறவுக்காரி முன்னால் அவள் விறைத்து நிற்பாள் என்ற செய்தியும் வந்தது. பெரியவர்களுக்கு அவர்கள் பண்பாட்டில் காட்டும் மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டார்கள். அது பயம்.

அவள் மரணத்தைப் பற்றிய லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் வந்தது. 108 பரிந்துரைகள். 18ஆவது பரிந்துரையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பிள்ளையின் பாதுகாப்புக்காக அதனிடம் பேசும்போது, அதன் தாய்மொழி ஆங்கிலம் இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காரணத்தைக் கோப்பில் எழுத வேண்டும்.

பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிந்துவிட்டால் நடப்பது இன்னும் கொடுமை. போலீஸ் வாசலில் நிற்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பத்து வயதுப் பையனைக் கேட்கிறார்கள். "அடிச்சுட்டார்னு சொல்லுடா" என்கிறாள் அம்மா. பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். "அம்மா மாடிப்படியில் விழுந்துட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். வந்தவர்கள் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்று இரவும் அவன் அந்த வீட்டில்தான் தூங்க வேண்டும். அவனைப் பொய்யன் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அம்மாவின் விசா போய்விடும், தங்கையைப் பிரித்துவிடுவார்கள் என்று அத்தனையையும் அந்த நொடியில் கணக்குப் போட்டவன் அவன். பிரிட்டிஷ் குடிமகனின் மனைவியாக விசாவில் வந்தவள், வன்முறையால் அந்த உறவு முறிந்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். பல தாய்மார்களுக்கே தெரியாத இந்த வழி பத்து வயதுக்கு எப்படித் தெரியும்?

அடி தன்மேல் விழாவிட்டாலும், பார்த்த, கேட்ட, அதன் பாதிப்பில் வாழ்ந்த பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்று இங்கிலாந்து, வேல்ஸ் குடும்ப வன்முறைச் சட்டம் 2021 சொல்கிறது. அந்தச் சட்டம் அந்தப் பையனுக்கு உதவ வேண்டுமானால், அவன் அந்த வீட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கக் கூடாது.

தமிழ் தெரியும் என்பதற்காக யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள். ஊர் சின்னது. வந்தவர் வெள்ளிக்கிழமை கோயிலில் அப்பாவின் பக்கத்தில் நிற்பவராக இருக்கலாம். குடும்பத்தைத் தெரியும் என்பதால் நானே இரண்டு முறை விலகியிருக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் முதலில் கேட்பது, "அக்கா, இது வெளியில போகாதுல்ல?" என்றுதான்.

"அது அவர்கள் பண்பாடு" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். "இது எங்க வீட்டு விஷயம்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையின் வாயை அடைக்கின்றன. நீங்கள் இரண்டையும் ஏற்காதீர்கள்.

பிள்ளையைத் தனியாக, வீட்டுக்கு வெளியே, முடிந்தால் பள்ளியில் பாருங்கள். அதன் மொழியில் பேசுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லாது. மறுபடியும் போங்கள்.