புழுங்கல் அரிசி புகட்டிய பாடம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடம்பைப் பேணுதல் இறைவழிபாட்டிற்குப் புறம்பான செயலன்று. உடம்பிற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்த பின்னர் அதனைப் போற்றத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுகின்றார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது ஊரறிந்த பழமொழி. ஆயினும், அந்தச் சுவரை எவ்வாறு காப்பது என்ற கேள்வி எழும்போதுதான் பல இல்லங்களில் கருத்து வேற்றுமை தலைகாட்டுகின்றது. பாட்டி கஷாயம் போதும் என்பார்; பேரன் மருத்துவமனைக்குப் போகலாம் என்பான். ஒரு சாரார் நாட்டு மருந்து என்றாலே எள்ளி நகையாடுகின்றனர். மற்றொரு சாரார் ஆங்கில மருந்து அனைத்தும் நஞ்சு என்று கூறி, மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிடுகின்றனர். இவ்வழக்கிற்குத் தீர்ப்பு தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே அது பதிந்து கிடக்கின்றது.

அதற்கு முன் வள்ளுவப் பெருந்தகையின் நெறியைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. ஆனால் அதில் எந்த ஒரு மருந்தின் பெயரும் இல்லை. முன்னுள்ள குறள்கள், முன்பு உண்டது செரித்த பின் அளவறிந்து உண்ண வேண்டும் என்பதையே திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றன. இறுதி மூன்று குறள்களில்தான் மருத்துவர் வருகின்றார். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, நோயாளியின் நிலையும் காலமும் அறிந்து அவர் செயற்பட வேண்டும் என்கின்றார் வள்ளுவர். வருமுன் காத்தலும் வந்தபின் தீர்த்தலும் ஒரே அதிகாரத்தில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

இனிக் கிள்ளான் நகருக்கு வருவோர் அங்கு 1901-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும். அவ்வாண்டில்தான் இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலங்களால் சூழப்பட்ட கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அவ்விரு இடங்களிலும் அவ்வாண்டில் மட்டும் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், கொய்னா மருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை 1897-இல் இந்தியாவில் ரொனால்டு ராஸ் கண்டறிந்திருந்தார். அந்த அறிவைத் துணைக்கொண்டு, நகரைச் சூழ்ந்த காட்டை வெட்டவும் சதுப்பு நீரை வடிகால் வெட்டி வெளியேற்றவும் வாட்சன் ஏற்பாடு செய்தார். மறு ஆண்டில் காய்ச்சலால் மாண்டவர் 59 பேர். மண்வெட்டி செய்த மருத்துவம் அது.

அதே வாட்சன் பின்னர் மற்றோர் உண்மையையும் கண்டார். கடலோரச் சமவெளியில் நன்மை செய்த காடழிப்பு, மலையடிவாரத் தோட்டங்களில் தீமை செய்தது. வெயில்படும் தெளிந்த ஓடைகளில் பெருகும் வேறொரு வகைக் கொசு அங்கே இருந்தது. கிள்ளானில் பலித்த முறை மலைப்பக்கத்தில் பலிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த மருந்தை ஆராயாமல் வாங்கி உண்போர் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

அடுத்தது கோலாலம்பூர். அக்காலத்தில் மலாயாவை உலுக்கிய மற்றொரு நோய் பெரிபெரி. கால்கள் வீங்கும், மரத்துப்போகும், இறுதியில் இதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு ஆளாயினர். அதே மண்ணில், அதே மழையிலும் வெயிலிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை மட்டும் அது பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நோய்க்குக் காரணம் அரிசியே என்று அவர் வாதிட்டார்.

பலர் அதனை ஏற்கவில்லை. பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்றே கருதினர். உண்மையைச் சோதித்தறிய மருத்துவர் வில்லியம் பிளெட்சர் முன்வந்தார். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு விடுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை அதே போன்ற மற்றொரு விடுதியிலும் அவர் தங்கவைத்தார். முதல் பிரிவினருக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரண்டாம் பிரிவினருக்கு வங்காளத்துப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் வேறுபாடில்லை. இடம்தான் காரணமோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரையும் விடுதி மாற்றியும் பார்த்தார். ஓராண்டு முடிவில், பச்சரிசி உண்டவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களுள் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத எளியோர் மீது நடத்தப்பட்ட அத்தகைய சோதனையை இன்றைய அறநெறி ஏற்காது. எனினும் அந்தப் பதினெண்மரின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு பின்னர் எண்ணற்றோர் உயிரைக் காத்தது.

காரணம் என்ன? கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிரேசர், ஸ்டேண்டன் என்னும் இருவர் மேற்கொண்ட ஆய்வுகள் அதனை நோக்கி வழிகாட்டின. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தே பெரிபெரியைத் தடுக்கின்றது என்பது 1909-ஆம் ஆண்டளவில் புலனாயிற்று. தயமின் எனப்படும் வைட்டமின் பி1-தான் அச்சத்து என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் அகல்வதில்லை.

அன்பர்களே, இவ்வரலாற்றில் மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது: முன்னோரின் பழக்கம் பல நேரங்களில் பொருளுடையது. நெல்லை அவித்த தமிழ்த் தாய்மார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆயினும் அவர்களின் அடுப்பங்கரை, மருத்துவ நூல்கள் காணாத ஒன்றைக் காத்து வைத்திருந்தது.

இரண்டாவது: பழக்கம் சரியாக இருந்தாலும் அதற்குச் சொல்லப்படும் காரணம் பிழையாக இருக்கலாம். பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகின்றது என்றே பிராடன் எண்ணினார். அது தவறு. அவர் கண்டது மெய், கருதியது பொய். மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டியது முறையான சோதனையே. ஆதலால், பாரம்பரிய மருத்துவத்தைச் சோதிக்க வேண்டும் என்று சொல்வது அதனை இழிவுபடுத்துவதாகாது. அதன் பெருமையை நிலைநாட்டும் வழியாகும்.

மூன்றாவது: புழுங்கல் அரிசி பெரிபெரி வராமல் காக்கும். பெரிபெரி முற்றி இதயம் தளர்ந்து கிடப்பவருக்குச் சோறு சமைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவருக்குத் தயமின் ஊசி வேண்டும். காக்கும் முறைக்கு ஒரு காலம். தீர்க்கும் முறைக்கு ஒரு காலம்.

இவ்விரு முறைகளையும் தம் வாழ்வில் இணைத்துக் காட்டிய அருளாளர் ஒருவர் மலாயாவில் பணியாற்றியவரே ஆவார். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913-இல் மலாயாவுக்கு வந்து சிரம்பான் வட்டாரத்திலும் பின்னர் ஜொகூரிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மருத்துவராகத் தொண்டாற்றினார். 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தரானார். துறவியான பின்னும் அவர் மருத்துவத்தைக் கைவிடவில்லை; லட்சுமண ஜூலாவில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் நடத்தினார். ஆசனமும் பிராணாயாமமும் கற்பித்தார். 1945-இல் ஆயுர்வேத மருந்து நிலையம் ஒன்றையும் நிறுவினார். ஊசியும் மூலிகையும் யோகமும் அவர் கையில் பகைகொள்ளவில்லை.

மருந்துகளுக்குள்ளும் அத்தகைய பகை இல்லை. கொய்னா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. இன்று நீரிழிவு நோயாளர் பலர் நாள்தோறும் உண்ணும் மெட்போர்மின் மாத்திரையின் வரலாறு, ஐரோப்பாவின் நாட்டு மருத்துவத்தில் பயன்பட்ட ஒரு செடியிலிருந்தே தொடங்குகின்றது. அதன் பயனையும் அளவையும் தீங்கையும் அளந்தறிந்த பின்னரே அது மாத்திரை வடிவில் வந்தது.

இனி இன்றைய நிலை. அக்காலப் பெரிபெரியின் இடத்தில் இப்போது அமர்ந்திருப்பது 'இனிப்பு நீர்' எனப்படும் நீரிழிவு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. இந்தியரிடையே அது மற்ற இனத்தவரைவிட மிகுதி. இந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோருள் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்றவர்களே. அன்று பெரிபெரியை அண்டவிடாத சமூகம் இன்று நீரிழிவில் முன்வரிசையில் நிற்கின்றது. இது எண்ணி வருந்தத்தக்கது.

புழுங்கல் அரிசி இதற்கும் மருந்தாகுமா என்று சிலர் கேட்கலாம். அளவின்றி உண்டால் எந்த அரிசியும் சீனியைக் கூட்டவே செய்யும். தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்த முன்னோரின் சோற்றளவு, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வாழ்ந்து அலுவலகத்தில் அமர்ந்து உழைப்பவருக்கு ஒவ்வாது. தட்டில் பாதி காய்கறி, தே தாரிக்கில் குறைந்த சீனி, வாரத்திற்கு 150 நிமிட நடை, போதிய உறக்கம், புகையும் மதுவும் இல்லாமை ஆகிய இவையே இன்றைய வடிகால் வெட்டும் பணி.

பாகற்காயையும் வெந்தயத்தையும் உணவில் சேர்ப்பது நன்று. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது நன்றன்று. நீரிழிவு வலிக்காத நோய். உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதே கண்ணும் சிறுநீரகமும் காலும் பழுதடைந்து வரும். பிறவியிலோ இளமையிலோ தொடங்கி இன்சுலினையே நம்பி வாழ்வோர் அதனை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். உணவாலும் நடையாலும் எடை குறைந்து சீனி கட்டுப்பட்டால், மருத்துவரே இரத்தத்தைச் சோதித்து மாத்திரையைக் குறைப்பார். அந்த வெற்றியைப் பெற விரும்புவோர் அவர் துணையோடு பெறலாம்.

பாரம்பரிய மருத்துவத்தை நாடுவோருக்கும் இந்நாட்டில் பாதுகாப்பான வழி உண்டு. 2016-இல் நடைமுறைக்கு வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் அங்கீகரித்துள்ளது. வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் வெட்கமில்லை. மருந்துப் பெட்டியில் 'மால்' எனத் தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். மூட்டுவலி ஒரே நாளில் நீங்கும் என்று கூவி விற்கப்படும் சில பொருள்களில் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்துள்ளது. கஷாயம் குடிப்பதை மருத்துவரிடமும், மாத்திரை உண்பதை வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடுவதும் உண்டு.

நிறைவாக, ஆலயங்களின் பங்கு. தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசிக்கும் விரதம் இருப்போர் புண்ணியம் செய்கின்றனர். ஆனால் சீனி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வயிற்றைக் காயப்போட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல் எடுத்தால் மயங்கி விழ நேரும். விரதத்திற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். முருகப் பெருமான் அதனைக் குறையாகக் கொள்ளார். அன்னதானத்தில் காய்கறி கூடட்டும். பாயசக் கிண்ணம் சிறிதாகட்டும். சாயச் சர்பத்துக்குப் பக்கத்தில் குடிநீரும் இருக்கட்டும். திருவிழா நாள்களில் மண்டபத்தின் ஒரு மூலையில் இரத்த அழுத்தமும் சீனியும் சோதிக்க ஒரு மேசை இடம்பெறட்டும். அங்கு நீளும் விரல்களுள் ஒன்று, தனக்கு நோய் இருப்பதை அறியாத ஒரு தாயின் விரலாக இருக்கக்கூடும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். முன்னோர் தந்த அறிவையும் ஆய்வு தந்த அறிவையும் இரு கைகளிலும் ஏந்தி, அனைவரும் நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!